சாத்தாங்காட்டில் ஒரு காந்தம்

இரும்புச் சந்தைக்குள் காந்தத்தை இறக்கிய
முதல் பைத்தியங்கள் நாங்களாகத்தான் இருப்போம்.
கொக்கி மாட்டுமுன் கிரேன்காரர் தசரதன் கேட்டார்:
"ஆன்ல இருக்கா, ஆஃப்ல இருக்கா?"

ஆஃப்தான்.
ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்தில் பதினொரு வருஷம்
ஒரு நொடியும் அணையாமல் குளிரில் கிடந்தது,
இப்போதுதான் வெதுவெதுப்பாகி
வெறும் எடையாகியிருந்தது.
சில பொருள்களுக்குச் சாவு என்பது சூடு.

முதலில் வயிற்றைக் காலி செய்தோம்.
நோயாளி படுத்த பலகை,
காதுக்குள் டமடமவென்று அடித்த சுருள்கள்,
செம்புக் கூண்டு, எல்லாம் வெளியே.
அறுபது சென்டிமீட்டர் குகை
தொண்ணூறானது.
இடுக்குகளில் ஒட்டிக் கிடந்தவை:
கொண்டை ஊசி ஒன்பது,
தாலிச் சரட்டிலிருந்து எடுக்க மறந்த ஊக்கு ஏழு,
ஒரு ஜாக்கெட் கொக்கி.
நர்ஸ் மூன்று தடவை சொல்லியிருப்பாள்.
பிரமிளா அவற்றை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு
தூணோடு கட்டிவைத்தாள்.

கசிவு தேடப் பதினாறு நாள்.
எண்ணூர்க் காற்று பற்றவைத்த இடத்தை முதலில் தின்னும்.
கப்பல் தொட்டிகள் பார்த்த அன்வர்தீன்
எங்கள் மெஷினை நம்பாமல் சோப்பு நுரை தடவினார்.
நுரை ஒன்றும் சொல்லவில்லை.
மெஷின் ஒரே இடத்தில் கத்தியது.
"ஆண்டவனுக்கும் இதுக்கும்தான் தெரியுது"
என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

அப்புறம் அந்தக் கோடு.
ஐந்து காஸ் எல்லை, கணக்குப்படி
சுவரைத் தாண்டி, சாக்கடையைத் தாண்டி,
பூங்காவனத்தின் டீக்கடை பெஞ்சைக் குறுக்கே வெட்டியது.
அந்த முனையில்தான் தினமும் ஏகாம்பரம்,
ஹார்பரில் ஓய்வு பெற்றவர்,
சட்டைக்குள் பேஸ்மேக்கர்.
"பெஞ்சை நாலடி நகர்த்தச் சொல்லுங்க" என்றார் பேராசிரியர்.
நாலடியில் வெயில்.
பிரமிளா பதில் சொல்லாமல் கணக்கைத் திரும்பப் போட்டாள்.
இன்னும் பதினாலு டன் தகடு சுற்றினால்
கோடு எங்கள் சுவருக்குள் அடங்கும்.
தெருவெல்லாம் இரும்பு, கையில்தான் காசில்லை.
கடனுக்கு வந்தது உடைத்த கப்பலின் தோல்,
ஏதோ மொழியில் பாதிப் பெயரோடு.

ஹீலியம் வந்த டேங்கர்
கன்டெய்னர் வரிசையில் மூன்று மணிநேரம் நின்றது
மணலி ரோட்டில், ஆவியாகிக்கொண்டே.

நூறு ஆம்பியர். இருநூறு.
பாட்டிலில் ஊக்குகள் புரண்டு படுத்தன.
இருநூற்றைம்பதில் ஒவ்வொன்றாய் எழுந்து
பழைய வீட்டைப் பார்த்து நின்றன.
முந்நூற்றுப் பத்தில்
எங்கோ ஒரு கம்பி முடியளவு அசைந்தது.
குழாய் அலறியது. கூரைக்கு மேல் வெள்ளை மேகம்.
சந்தையே தீ என்று ஓடிவந்தது.
பதினெட்டு லட்சம் ரூபாய்
கடல் பக்கமாய்ப் போவதை
அண்ணாந்து பார்த்தோம்.
ஊக்குகள் விழுந்து கிடந்தன.

பணம் புரட்ட ஐந்து மாதம்.
அதற்குள் அசைந்த கம்பி
தன் இடம் எதுவென்று உட்கார்ந்துவிட்டிருந்தது.
முந்நூற்றுப் பத்தைத் தாண்டும்போது
யாரும் மூச்சு விடவில்லை.
நானூற்று நாலில் வயரைக் கழற்றினோம்.
மின்சாரம் கவனிக்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது.

புலத்தை அளப்பது என் வேலை.
வெளியே தகடு ஏற்றிய லாரி போனால்
நாலாவது தசமம் ஆடும்.
இரண்டரை மணிக்கு லாரி இல்லாத ஒரு இடைவெளியில்
திரையில் முதல் கீற்று:
எங்கோ மேலே பிறந்து,
கூரையையும் கப்பல் தோலையும் துளைத்து,
ஆட்கள் படுத்த இடத்தில் கொஞ்சம் வளைந்து,
தரைக்குள் போய்விட்டது.
படுக்கவில்லை. ஊக்கைக் கழற்றச் சொல்ல
நேரம் தரவில்லை.

நான்காம் நாள் காலை டீக்கடையில்
டம்ளரை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு
ஏகாம்பரம் கேட்டார்:
"எப்பதாம்ப்பா ஆன் பண்ணப் போறீங்க?"