கடைசிப் பதினாறு பக்கம்

என்னிடம் இருப்பது கடைசிப் பதினாறு பக்கம்.
அட்டை கிடையாது. தலைப்பு கிடையாது.
எண்பத்தொன்றாம் பக்கம், பாதி வாக்கியம்:
"என்று சொல்லி விளக்கை அணைத்தான்."
இருட்டில்தான் ஆரம்பிக்கிறது.

லாங்கு பஜார், சம்பங்கியின் பழைய பேப்பர் கடை.
உயிரியல் கைடு ஒன்றுக்குள் செருகிக் கிடந்தது.
எடைக்குப் போட்டால் ஒரு ரூபாய் தேறாது.
என் கை நடுங்கியதைப் பார்த்துவிட்டு
நூற்றைம்பது என்றான்.
கொடுத்தேன்.

வால்நட்சத்திர வரிசை. விலை அறுபது காசு.
வால் ஒடிந்த அதே 'ழ',
பக்க எண்ணுக்கு இருபுறமும் அதே குட்டி நட்சத்திரம்.
இருபத்துநான்கில் இருபத்துமூன்று என் பீரோவில்.
இல்லாதது பத்தொன்பது.
ஆகவே இது பத்தொன்பது.

பகலில் எனக்கு ஆஸ்பத்திரிக் கோப்புப் பிரிவில் வேலை.
எண்ணைச் சொன்னால் போதும்,
எந்த அலமாரி, எந்தத் தட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு எடுப்பேன்.
எழுபத்துநாலில் குடல்வால் எடுத்தவர்கூட
என்னிடம் தப்ப முடியாது.
சின்னப் பிள்ளைகளுக்கு எழுதிய இந்தப் புத்தகம்
பதினோரு வருஷம் எனக்குத் தண்ணி காட்டியது.

திருடன் கம்பவுண்டர் தணிகாசலம்.
தொண்ணூற்றிரண்டில் அழுகிறான்,
"அதை நான் தொட்டிருக்கக் கூடாது" என்கிறான்.
எதை?
பதினாறு பக்கத்திலும் அது வெறும் 'அது'.
மூன்று பிள்ளைகள், ஒரு நாய்,
அதைத் துணியில் சுற்றிக் கிணற்றடியில் திரும்ப வைக்கிறார்கள்.
சுபம்.
நகையா, உயிலா, விக்கிரகமா?
கத்திரிக்காய் நறுக்கும்போதெல்லாம் யோசிப்பேன்.

பிறகு முக்தார் போன் செய்தார், வாணியம்பாடியிலிருந்து.
டிராக்டர் உதிரிபாகம் விற்கிறவர்.
பத்தொன்பது அவரிடம் இருக்கிறதாம்,
அட்டையும் முதல் எண்பது பக்கமும்.
என்ன திருடு போனது, தெரியும்.
யார் என்று தெரியாது.
"சொல்லிடாதீங்க மேடம்" என்றார், வணக்கத்துக்கு முன்பே.
நான் விலை கேட்டேன். அவரும் கேட்டார்.
இரண்டு பேரும் விற்கவில்லை.

காட்பாடி, நான்காம் நடைமேடை.
நாற்பத்திரண்டு டிகிரி ஞாயிறு.
சிமெண்ட் பெஞ்சில் அவர் கைக்குட்டையை விரித்து
இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.
பின் குத்திய துளைகள் பொருந்தவில்லை.
அவருடையதில் துரு மேலே,
என்னுடையதில் அரை விரல் கீழே.
"பரவாயில்ல, படிங்க" என்றேன்.

படித்தார்.
எக்ஸ்பிரஸ் ஒன்று கடந்தது, நிறுத்தினார்.
அது போனதும் அதே வரியை முதலிலிருந்து படித்தார்.
(அந்த இடத்தில் அவரைப் பிடித்துப்போனது.)
திருடு போனது பள்ளிக்கூட மணியின் நாக்கு.
காலையில் பியூன் கயிற்றை இழுக்கிறார், சத்தமே இல்லை.
நல்ல கதை.
ஆனால் நாய் வரவில்லை.
கிணறு வரவில்லை.
எண்பதாம் பக்கம் வரைக்கும்
கம்பவுண்டர் என்று ஒரு ஆள் ஊரிலேயே இல்லை.
அதுவும், உச்சி வெயிலில் முடிந்தது அந்தப் பக்கம்.
அணைக்க ஏது விளக்கு?

முக்தார் தண்ணீர் பாட்டிலைத் திறந்து,
குடிக்காமல் மூடினார்.
"அப்போ உங்க கையில இருக்கறது?"

மனசுக்குள் இருபத்துநான்கையும் மறுபடி எண்ணினேன்.
இருபத்தைந்து.
எந்தப் பட்டியலும் சொல்லாத இருபத்தைந்து.

ஆக, காலையில் ஒரு புத்தகத்தைத் தேடி வந்தவர்கள்
மத்தியானம் இரண்டைத் தேடவேண்டியதாயிற்று.
ஜோலார்பேட்டை வண்டி வந்தது.
ஏறின பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு,
"அதான் வேற கதைன்னு ஆயிடுச்சே,
இப்ப சொல்லலாமே, யாரு?" என்றார்.

மாட்டேன் என்றேன்.
முதல் எண்பது பக்கம் அவர் கைக்குக் கிடைத்துவிட்டால்?