மிச்சம் பிடித்தல்

பகல் முழுக்க மல்லாவிச் செட்டில் நின்று
ஊருக்கெல்லாம் எண்ணெய் அடித்தவளுக்கு
இரவில் ஒரு நிலவைச் சுற்ற
எண்ணெய் போதவில்லை.

மூன்று தரம் போனேன்.
மூன்று தரமும் நிலவு பெரிதாகிப் பெரிதாகித்
திரையை நிறைக்கிற நேரம் பார்த்துத் தாங்கி வறண்டது.
மூன்றாவதில் இருந்தவன் வில்வராசா.
எங்கள் முகாமையாளரின் பெயர்தான், பகிடிக்கு வைத்தது.
திரும்ப வழியில்லை. இன்னும் அங்கே எங்கேயோ
பூமியைச் சுற்றிக்கொண்டு இருக்கிறான்,
எந்த விசையை அமத்தினாலும்
சிரித்த முகம் மாறாமல்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன்:
தாங்கியைப் பெருப்பித்தேன்.
பெருத்த தாங்கியைத் தூக்க இன்னுமொரு தாங்கி,
அதைத் தூக்க மற்றொன்று.
நுண்கடன் எடுத்த பெண்களுக்கு
இந்தக் கணக்கைப் படம் கீறிக் காட்டத் தேவையில்லை.

பிறகு வெட்கம் வந்தது.
மூடியளவு பெற்றோலில் இயந்திரத்தை எழுப்பி
மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை
முல்லைத்தீவு மட்டும் ஓட்டின சனம் நாங்கள்.
கியூஆர் காலத்தில் நாலு லீற்றருக்குள்
ஒரு கிழமையை மடித்து வைத்ததும் நாங்கள்தான்.
எனக்கா தெரியாது?

கழற்றத் தொடங்கினேன்.
ஏணி. விளக்குகள். உபரி மின்கலம். இரண்டாவது பரசூட்.
கால்களில் வந்து கை தயங்கியது.
பாயில் கிடந்த யசோதரன் எட்டிப் பார்த்தான்.
அவனுடைய கால் சுவரோடு சாய்ந்து நின்றது.
"இறங்காத கப்பலுக்குக் கால் எதுக்கடி" என்றான்,
"நாலையும் கழட்டு. நான் ஒண்டோட சமாளிக்கேல்லையோ."

எண்ணூறு கிலோ போனது.
அப்போதும் காணாது.

பிழை பாரத்தில் மட்டும் இல்லை, எரிக்கிற இடத்தில்.
நான் பயந்தவள். நிலவுக்கு வெகு தொலைவிலேயே
பிரேக் பிடித்துப் பிடித்துப் போனவள்.
கிட்டப் போகவேண்டும். தாழப் போகவேண்டும்.
நிலவு இழுக்கிற இழுவையில்
வேகம் உச்சத்துக்கு ஏறுகிற அந்த ஒரு புள்ளியில்
ஓடுகிற திசைக்கு எதிராக எரிக்கவேண்டும்.
வேகத்தில் எரிகிற துளிக்குப் பலம் கூட.
சமன்பாடாக ஒரு பின்னேரத்தில் விளங்கிவிட்டது.
கைக்கு நம்பிக்கை வர நாலு இரவு சென்றது.

புறப்பட்டுப் பாதி வழியில் ஒரு மூச்சு விட்டேன்,
அவ்வளவுதான், இரண்டு செக்கன்.
அங்கே போய்ச் சேரும் கோடு
இருநூறு கிலோமீற்றர் அரக்கி
மலைகளுக்கு மேல் ஒன்பதில் வந்து நின்றது.
மல்லாவிக்கும் மாங்குளத்துக்கும் இடைத்தூரம்கூட இல்லை.

நிலவின் பின்பக்கம். இருட்டு.
இங்கேயும் இருட்டு: கறன்ற் போய்விட்டது.
மடிக்கணினியில் பதினொரு வீதம்.
எரிக்க வேண்டியது நாற்பத்தொரு செக்கன்.
காலை நுளம்புக்குக் கொடுத்துவிட்டு
எண்ணினேன்.

ஓடிப்போகப் பார்த்துத் திறந்து கிடந்த கோடு
மெல்ல வளைந்து, இன்னும் வளைந்து,
தன் வாலைத் தானே தொட்டது.

முட்டை வடிவம்கூட இல்லை, வெள்ளரிக்காய்.
வட்டமாக்கக் கை போனது.
பணியைத் திரும்ப வாசித்தேன்:
நிலவைச் சுற்றுக என்று மட்டும்தான் இருந்தது.
வடிவாகச் சுற்றச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.
இயந்திரத்தை நிறுத்தினேன்.
ஏழு வீதம்.

தாங்கியில் பாதிக்குக் கிட்ட மிச்சம்.
காணாமல் போனால் என்ன செய்வதென்று
எனக்கு நூறு வழி தெரியும்.
மிஞ்சினால் என்ன செய்வது?
திரை அணையும்வரை அந்த எண்ணையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலை ஆறு மணிக்கு வில்வராசா சேர்
நிலத்தடித் தாங்கிக்குள் அளவுகோலை விட்டு
இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கினார்.
"பிள்ளை, நேற்றையான் மிச்சம் எவ்வளவு?"

"ஒரு ஆளைப் போய் ஏத்திக்கொண்டு வரக் காணும் சேர்" என்றேன்.
"கதிரை ஒண்டுதான் கூடப் போடவேணும்."

அவர் முதல் லாண்ட்மாஸ்டரை
உள்ளே வரச்சொல்லிக் கை காட்டினார்.