இருபது நொடி

கை கழுவும் சத்தம் வேண்டுமென்று
ஸ்டுடியோ வாளியில் என் கைகளையே
பதினோரு முறை கழுவிப் பதிவு செய்தேன்.
முதல் பத்தும் மீன் பொரிவதுபோல் கேட்டன.
பதினொன்றாவதில்தான் தண்ணீர்
தண்ணீரைப் போலப் பேசியது.

அதன்மேல் என் குரல்:
"சோப்புப் போட்டு இருபது நொடி.
விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு."
காலை ஏழே கால், மறுபடி பதினொன்றே கால்,
காற்றின் வேகத்துக்கும் அலையின் உயரத்துக்கும் நடுவில்.

மூன்றாம் வாரம், நேரலை.
தாழங்குடாவிலிருந்து ஓர் அழைப்பு.
பின்னால் ஐஸ்பெட்டி மணலில் இழுபடும் ஓசை.

"பேரு அஞ்சலாட்சி. மீன் விக்கிறேன்.
நீ சொல்றத தெனம் கேக்குறேன் தாயி,
நல்லாத்தான் சொல்ற.
எந்தத் தண்ணில?

தெருக்கொழாயத் திருகுனா காத்துதான்.
நாலு நாளைக்கு ஒருவாட்டி லாரி, வீட்டுக்கு எட்டுக் கொடம்.
போர் தண்ணில சோப்பு நொரைக்காது.
நீ இருவது எண்ணி முடிக்கறதுக்குள்ள
எங்க உலையில பாதி போயிடும்.
செதில் நாத்தத்தோட பஸ்ல ஏறுனா
பக்கத்து சீட்டு கடலூர் வரைக்கும் காலியாவே வருது,
அதுக்கும் ஒரு வெளம்பரம் போடேன்."

வானொலியில் மௌனம் குற்றம்.
ஐந்து நொடி தாண்டினால்
பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹபீபுல்லா
பாட்டுப் போடவா என்று உதட்டை அசைத்தான்.
வேண்டாமென்று தலையாட்டினேன்.
அஞ்சலாட்சியும் போனை வைக்கவில்லை.
அவள் பக்கம் ஓர் அலை வந்தது, போனது,
இன்னொன்று வந்தது.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்:
இருபது நொடி.

பதிவேட்டில்
"காரணம்" என்ற கட்டத்துக்குள்
"தண்ணீர்" என்று எழுதினேன்.

மறுநாள் விடிவதற்குள் போய்
அந்தக் குழாயின் வாயருகே மைக்கை நீட்டினேன்.
யாரோ ஒரு பையன் திருகினான்.
நெஞ்சுச்சளிக்காரனின் இருமல்போல் நீளமாகக் காற்று,
அப்புறம் ஒரு சொட்டு,
அப்புறம் அதுவும் இல்லை.
வெட்டவில்லை, ஒட்டவில்லை,
கை கழுவும் சத்தம் இருந்த இடத்தில் அப்படியே வைத்தேன்.
மேலே அதே குரல், அதே வாசகம்.

ஏழே காலுக்குப் போனது.
பத்து மணிக்குக் குடிநீர் அலுவலகத்திலிருந்து போன்:
"மேடம், உங்க விளம்பரத்துல ஏதோ பழுது.
தண்ணி சத்தமே வரல."
"ஆமாம் சார்" என்றேன்,
"வரல."

அந்த வாரம் லாரி ஒருநாள் முந்தி வந்ததாம்.
போர் தண்ணீரில் சோப்பு இன்னும் நுரைக்கவில்லை.
பதினொன்றாவது பதிவு
என்னிடம்தான் இருக்கிறது, பத்திரமாக.
அதைத் திரும்பப் போடும் நாளை
நான் சொல்வதாக இல்லை,
தாழங்குடாவிலிருந்து
போன் வரட்டும்.