பதினொரு மைல்

ஈரப்பதம் நான்கு சதவீதம் என்றது வானொலி.
மிச்சம் தொண்ணூற்றாறும் என்ன என்று
அது சொல்லவில்லை.

ஆஹோ.
வியப்பில்லை, ஊரின் பெயர்.
அரிசோனாவின் தென்கோடி, ஜூன் முதல் வாரம்.
ஒஃபீலியா யெஸ்காஸ் தபால் வண்டி ஓட்டுகிறாள்.
ஸ்டியரிங்கைப் பிடிக்க ஒரு கரித்துணி,
தபால் பெட்டிகளின் தகர மூடியைத் திறக்க இன்னொன்று.
இன்றைக்குச் சிவப்புக் கொடி என்று அறிவித்திருக்கிறார்கள்.
கொடி எங்கும் பறக்கவில்லை.
தெற்கிலிருந்து காற்று மட்டும்
யாரோ சூளையின் வாயைத் திறந்து வைத்துவிட்டு
மறந்து போனதுபோல.

முன்பு இந்த நிலத்தில் தீக்கு வழி கிடையாது.
ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவே
வெறுந்தரை.
பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகள்போல
முகங்கொடுக்காமல் நின்றன எல்லாம்.
இடி விழுந்தால் ஒன்று எரியும்.
அத்தோடு சரி.
பாலைவனம் பிழைத்துக் கிடந்தது
அந்தப் பேச்சில்லாமையால்.

பிறகு புல் வந்தது,
மாட்டுக்கென்று கப்பலேற்றிக் கொண்டுவந்த புல்.
தமிழில் அதற்குக் கொழுக்கட்டைப் புல் என்று பெயர்.
சொன்னால் ஒஃபீலியா சிரிப்பாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அது இடைவெளிகளில் வந்து உட்கார்ந்தது.
எல்லோரையும் எல்லோருக்கும் அறிமுகப்படுத்தியது.
மழைக்குப் பச்சை,
மே மாதம் வைக்கோல்,
ஜூனில் திரி.

சனிக்கிழமைகளில் கடப்பாரையோடு ஐந்து பேர் போகிறார்கள்,
விடிவதற்கு முன்.
கறுப்புப் பைகளில் அடைத்து வருகிறார்கள்.
போன வாரம் நாற்பது பை.
மலை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

பகல் பன்னிரண்டு இருபதுக்கு
அவளை முந்திப் போனது ஒரு படகு.
ஆம், படகு.
குதிகால் நனைய நீரில்லாத சீமையில்
வெள்ளை வெளேரென்று, லாரியின் பின்னால்,
மெக்சிகோக் கடலைப் பார்த்து.
அதன் இழுவைச் சங்கிலி அவிழ்ந்து
தார்ச்சாலையை உரசிக்கொண்டே போனது.
மேடு வரும்போதெல்லாம் ஒரு பிடி பொறி.

ஹாரன் அடித்தாள். விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தாள்.
அவன் கையை வெளியே நீட்டி
வேண்டுமானால் முந்திக்கொள் என்றான்.
மறுபடி அடித்தாள்.
இந்த முறை நீட்டியது ஒரு விரல்.

பதினொரு மைல்.
பெட்ரோல் பங்கில் நின்றபோது
‘சத்தம் கேட்டது,
பாட்டில் வருகிறது என்று நினைத்தேன்’ என்றான்.
நங்கூரக் கயிற்றால் சங்கிலியைத் தூக்கிக் கட்டினான்.
முகம் சிவந்திருந்தது.
வெயிலாகவும் இருக்கலாம்.

அவள் வண்டியைத் திருப்பினாள்.
நடை வேகத்தில், கண்ணாடியை இறக்கி,
சாலையோரம் முழுக்க முகர்ந்துகொண்டு வந்தாள்.
பின்சீட்டில் யாருடைய ஓய்வூதியமோ, யாருடைய கண் மருந்தோ
வெந்துகொண்டிருந்தது.
கிழிந்த டயர். பீர் புட்டி. ஒற்றைச் செருப்பு.
ஏழாவது மைலில்
உள்ளங்கை அகலத்துக்குக் கரி.
தொட்டாள். இன்னும் சூடு.
ஆனால் இங்கே எது சூடில்லை.
புல் எரிந்து, வெறுந்தரையை எட்டி,
அங்கேயே நின்றுபோயிருந்தது.
யாரோ பிடுங்கிய இடமோ,
காட்டுக் கழுதை மேய்ந்த இடமோ.
தன் குடிநீரை முழுக்க அதன்மேல் கவிழ்த்தாள்.
சுர்ரென்று ஒரு சொல்.

திரும்பும் வழியில்
இரண்டு கோடைக்கு முன் எரிந்த சரிவு.
அங்கே ஒரு சவாரோக் கள்ளி,
இடுப்புவரை கறுப்பு.
அது செத்தாயிற்று என்கிறார்கள் வனத்துறையில்,
விழுவதற்கு இன்னும் சில வருடம் பிடிக்குமாம்.
உச்சியில் ஏழு பூக்கள்,
நேற்றிரவு விரிந்தவை,
இன்னும் மூடவில்லை.

தகவல் இன்னும் மேலே
போய்ச் சேரவில்லை போல.
தபால்காரி
வண்டியை நிறுத்தாமல் கடந்தாள்.