மாடிப்படிக் குரல்

என்னிடம் பேசும் வக்கீல்கள் யாரும்
நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதில்லை.
லோயர் பரேல் கண்ணாடிக் கட்டடம் என்றால்
அவசர வழிப் படிக்கட்டின் சிமெண்ட் எதிரொலி,
ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் கேட்கும்.
ஃபோர்ட்டில் பழைய ஆபீஸ் என்றால்
மரப்படி முனகும், நடுவில்
டீக்காரரின் கண்ணாடி டம்ளர்கள் உரசும்.
பாந்த்ரா என்றால் பேஸ்மெண்ட்,
பின்னால் நகரும் காரின் பீப் பீப்.
எந்தக் கம்பெனி என்று அவர்கள் சொல்வதற்குள்
எனக்குத் தெரிந்துவிடும்.

யாராவது படியிறங்கி வந்தால்
சட்டென்று என்னை அம்மா என்பார்கள்.
"சரிம்மா, சாப்பிட்டாச்சும்மா, வெச்சுடறேன்."
போன வருடம் மட்டும் பதினேழு பேருக்கு அம்மா.
அதில் ஒருவருக்கு என்னைவிட ஆறு வயது அதிகம்.

செம்பூரில் கல்யாணத் தரகு பார்க்கும் கோதண்டபாணி
"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான்" என்கிறார்.
எங்கே ஒரே தொழில்?
ஜாதகம் பொய்த்தால் அவர் வீட்டுக் கதவை
யாரும் தட்டுவதில்லை.
நான் அனுப்பிய ஆள் மூன்று மாதத்தில் ஓடினால்
வாங்கிய கமிஷனைத் திருப்பி வைக்க வேண்டும்.

மிருணாள் சாத்தேயும் படிக்கட்டிலிருந்துதான் வந்தாள்.
கப்பல் வழக்குகள், ஒன்பது வருடம்.
ஏன் மாறணும் என்று கேட்டேன்.
இந்தக் கேள்விக்கு எல்லோரும் வளர்ச்சி என்பார்கள்.
அவள் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை.
பிறகு, "கடன் கொடுத்த பேங்குக்காக
கப்பலைப் பிடிச்சு நிறுத்தறேன்.
கப்பல் நிக்குது.
உள்ளே பதினோரு பேர், நாலு மாசமா சம்பளம் இல்ல,
கரை கண்ணுக்குத் தெரியுது, இறங்க முடியல.
அதுல ஒருத்தர் என் நம்பரைக் கண்டுபிடிச்சு
தினமும் குட்மார்னிங் அனுப்பறார்."
உடனே சொன்னாள்:
"இதை எழுதாதீங்க. வளர்ச்சின்னே எழுதுங்க."
எழுதினேன்.

முதல் இடத்தில் வேண்டாம் என்றார்கள்.
குரலே எழும்பவில்லையாம், கோர்ட்டில் என்ன செய்வாளாம்.
இரண்டாவது இடம் நரிமன் பாயிண்ட்,
ஒன்றரை மடங்கு சம்பளம்.
கடிதத்தைப் படிச்சியா என்றேன்.
கையெழுத்துப் போடும் இடத்தைப் பார்த்தேன் என்றாள்.
ஊரார் ஒப்பந்தத்தில்
அடிக்குறிப்பின் காற்புள்ளி வரை சண்டை போடுகிறவள்.
ஒன்பதாம் பக்கத்தை நானே வாசித்துக் காட்டினேன்:
எந்த பேங்குக்கும் எதிராக, எந்த நாளும், எந்த வழக்கும்.
மறுமுனையில் மூச்சு மட்டும். அப்புறம்
"மாத்திரை போட்டுட்டேன்மா."

மூன்றாவது, பல்லார்ட் எஸ்டேட்டில் இரண்டே அறை.
மாலுமிகளின் சம்பள வழக்குகள்.
பயோடேட்டாவைத் திறக்காமலே
எந்தக் கப்பல் என்று கேட்டார்களாம்.
சம்பளம் பழையதில் பாதிக்குச் சற்று மேல்.
என் கமிஷனும் அப்படியே.

போ என்று நான் சொல்லவில்லை.
இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்
என்று மட்டும் சொன்னேன்.
அன்றிரவு மாட்டுங்கா பிள்ளையாரிடம்
அவள் நரிமன் பாயிண்டுக்கே போகட்டும் என்று
வேண்டிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன்.
மார்ச் மாதம்.
டார்கெட்டுக்கு இன்னும் ஒரு தலை தேவைப்பட்டது.

ஜூலையில், தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி
குர்லாவில் ரயில் நின்ற ஒரு காலையில்,
தெரியாத லேண்ட்லைன் நம்பர்.
எடுத்த எடுப்பில் பெரிய சிரிப்பு.
நாற்காலி நகரும் சத்தம், பின்னால் யாரோ
"வராண்டா ஜன்னலைச் சாத்துங்க, ஃபைல் நனையுது."
அந்தச் சத்தத்துக்கும் மேலே ஏறிப் பேசியது குரல்.
யாருங்க பேசறது என்று கேட்டேன்.
"நான்தான்."
எந்த நான்?
"மிருணாள்."

ஐந்து மாதம் பேசியிருக்கிறேன்.
நான் கேட்டதெல்லாம் அவள் குரலே இல்லை.

இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்,
அந்தப் பதினோரு பேரில் ஏழு பேர்
இறங்கிவிட்டதாக, நான்கு பேர் இன்னும் இல்லை என்று.
நடுவே இன்னொரு அழைப்பு.
எடுத்தேன்.
சிமெண்ட் எதிரொலி.