இரண்டாவது பொத்தான்

முதல் பொத்தான் பச்சை.
அதில் இருப்பது பதினாலு மாதத்துக்கு முந்தைய மென்பொருள்.
ஆறு பேர் பார்த்து, ஆறு பேரும் சரி என்றது.
மீன்வாடிக் கணக்கைப் பிசகாமல் கூட்டும்.
துண்டு அச்சடிக்கும்போது மட்டும்
கொடுவாவின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் புள்ளிகளால் ஒரு வெற்று வட்டம்.
மீனுக்கு ஏது கொம்பும் காலும் என்று
வாங்க வந்தவர்கள் சிரித்தார்களாம்.

இரண்டாவது பொத்தான் சாம்பல்.
அன்றன்றைய இரவு, இருந்தபடி.
அதில் கொடுவா முழுசாய் நீந்தும்;
வேறு எது மூழ்கும் என்று எனக்கே தெரியாது.
கீழே எழுதி வைத்தேன்:
"இது இன்னும் முடியவில்லை. உடையலாம்.
தேவையானதை பிரதி எடுத்து வையுங்கள்."
மூன்று தரம் திருத்திய வரி.
ஒருவரும் வாசிக்கப் போவதில்லை என்றும் தெரியும்.

கூட எழுதுகிறவர்கள் மறித்தார்கள்.
ஈப்போவில் இருப்பவர் சொன்னார்,
சனத்துக்கு அரைவேக்காட்டைக் கொடாதே,
அது எங்களுக்குள் சோதிக்க.
நான் சொன்னேன்,
கொம்பு முறிந்த கொடுவாவை
நீங்கள் ஒரு நாள் விற்றுப் பாருங்கள்.

டைக் வீதியில் என் அறை.
இரவு இரண்டரைக்குக் கணினி தானாய் எழும்பி
பகல் முழுக்க நாங்கள் மாற்றியதையெல்லாம்
ஒன்றாய்க் கோத்துக் கட்டும். விசிறி இரையும்.
வெளியே கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
குப்பைப் பையை இழுக்கும்.
மின்சாரம் போனால் அன்றைக்கு இரவே இல்லை.

இறக்குகிறவர்களும் அந்த நேரம்தான் வருவார்கள்,
இரவு டேட்டா மலிவு.
யார் எவர் என்று தெரியாது, எண்ணிக்கை மட்டும்.
நாற்பத்தொன்று.
ஏழு பேர் வருவார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஒரு புதன் இரவு
கிராமைக் கிலோவாக்கும் இடத்தில் ஒரு வரியை மாற்றினேன்.
நித்திரை வந்தது. சோதிக்கவில்லை.
வியாழன் காலை ஆறே முக்காலுக்குப் போன்.
திருக்கடலூர், தவரூபி என்றாள்.
"அண்ணா, ராத்திரியோட ராத்திரியா நான் கோடீஸ்வரி.
மூண்டு கிலோ பாரை மூவாயிரம் கிலோ.
லொறி அனுப்புவீங்களோ?"
எனக்கு நாக்கு உலர்ந்தது. மன்னிப்பு என்று தொடங்கினேன்.
"அது கிடக்கட்டும். உங்கட புதன்கிழமை
பென்ட்ரைவில இருந்தது. அதைப் போட்டு
ஏலத்தை முடிச்சிட்டன்.
வியாழக்கிழமையை மட்டும் திருப்பி எடுங்கோ."

எடுத்தேன். பின்னேரம் அவளைப் பார்க்கப் போனேன்.
ஐஸ் பெட்டி மேல் மடிகணினி,
அதன் மேல் பொலித்தீன், பக்கத்தில் ஒரு கொப்பி.

பதினெட்டாம் திகதி: நல்லம்.
பத்தொன்பது: கடன் பக்கம் திறக்கச் சுணங்குது.
இருபது: கொடுவா சரி வந்திட்டுது!!
இருபத்தொன்று: ஐஸ் காசு ரெண்டு தரம் கழியுது.
சொல்லேல்ல. பாவம், அவரே பார்ப்பார்.

அவர் பார்க்கவில்லை.

கொப்பியை முன்னுக்குத் தட்டினேன்.
முதல் பக்கம், பிள்ளையார் சுழி,
அதற்குக் கீழே அவள் கையெழுத்தில் என் வரி.
இது இன்னும் முடியவில்லை. உடையலாம்.
தேவையானதைப் பிரதி எடுத்து வையுங்கள்.
நான் விட்ட "ப்" மட்டும் சிவப்பு மையில்.

இப்போது சாம்பல் பொத்தானுக்குக் கீழே
போன ஏழு இரவுகளும் திகதியோடு கிடக்கின்றன,
பிடிக்காத நாளை விட்டு
முந்தின நாளுக்குப் போகலாம்.
ஈப்போக்காரர் இன்னும் முறைக்கிறார்.

இன்றைய கட்டு இரண்டு ஐம்பதுக்கு முடிந்தது.
மூன்று பத்துக்கு முதலாவது இறக்கம்.
அவளாகத்தான் இருக்கும்.
ஆறே முக்கால் போய் ஏழும் ஆகிவிட்டது.
போன் அடிக்கவில்லை.
எல்லாம் சரியோ,
இல்லை, பாவம் என்று விட்டாளோ.