ஆறாம் வேற்றுமை

கடவுச்சொல்லை ஏற்றுக்கொள்கிறது,
அதுதான் வேதனை.
தப்பு என்று சொன்னால் திருத்திக்கொள்ளலாம்.
சரி, வா என்று அழைத்து
ஒரு கணம் கறுத்து
மறுபடி வாசலிலேயே கொண்டுவந்து விடுகிறது.
அதே நீலத் திரை, அதே என் பெயர்,
வெற்றுப் பெட்டியில் துடிக்கும் அதே கோடு.

பகலில் மின்தூக்கி பழுது பார்ப்பவன் நான்.
இப்படிப்பட்ட கதவுகள் எனக்குப் பழக்கம்.
போன வாரம் பீஷானில் ஒன்று:
ஏறுவோம், மூடும், கிளம்பப்போவதுபோல் முனகும்,
அதே மாடியில் திறக்கும்.
நாலு பேர் நாலு காரணம் சொன்னார்கள்.
தடத்துக்குள் கிடந்தது
பப்பிள் டீ குடித்த உறிஞ்சுகுழல்.

தோ பாயோ, பதினோராவது மாடி.
மணி ஒன்றே முக்கால்.
லோகா தூங்குகிறாள்.
காலை எட்டுக்குத் துணைப்பாடத்துக்கு
ஆறு பிள்ளைகள் வருவார்கள், தொடக்கநிலை ஐந்து.
தேர்வுத்தாள் இந்தக் கணினிக்குள் இருக்கிறது.
"அச்சடிச்சு வெச்சிடுங்க" என்று
சொல்லிவிட்டுத்தான் படுத்தாள்.

முதலில் கேப்ஸ் லாக்கைச் சந்தேகித்தேன்.
பிறகு வட்டு நிரம்பிவிட்டதோ என்று.
பாதி காலி.
பிறகு வரைகலை அட்டையின் இயக்கியைக்
கழற்றி மாட்டினேன்.
ஐம்பது நிமிடம், இரண்டு குவளை கோப்பி ஓ,
நீலத் திரை.

மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால்
பின்கதவு ஒன்று உண்டு.
கறுப்புத் தரை, வெள்ளை எழுத்து, படம் கிடையாது.
அங்கே அதே பெயர், அதே சொல்,
ஒரு கேள்வி கேட்காமல் விட்டது.
ஆக, ஆள் சரி.
முன்வாசலில்தான் ஏதோ.

அந்த இருட்டுக்குத் தமிழ் தெரியாது.
'தேர்வுத்தாள்' என்று லோகா பெயரிட்ட கோப்புறை
கட்டம் கட்டமாக நின்றது.
எண்ணினேன், பன்னிரண்டு.
ஆறெழுத்துச் சொல் அது.
கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும்
தனித்தனி ஆளாகக் கணக்கெடுத்திருக்கிறது.

மறைந்திருப்பதையும் காட்டு என்றேன்.
பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருந்தால்
அந்தக் கோப்பு கண்ணில் படாது.
நம் எழுத்தில் புள்ளி வைத்தால் உயிர் போகும்,
இங்கே உரு போகிறது.

உரிமையாளர் என்ற இடத்தில்
என் பெயர், என் பெயர், என் பெயர்,
கீழே போகப் போக என் பெயர்,
நடுவில் ஒன்றே ஒன்றில் மட்டும்
ரூட்.

நூறு பைட்டுகூட இல்லை.
நுழைவுச்சீட்டு வைத்திருக்கும் கோப்பு.
என் வீட்டுக்குள்தான் கிடக்கிறது,
என்னால் ஓரெழுத்து எழுத முடியாது அதில்.
ஒவ்வொரு முறையும் திரை என்னை உள்ளே கூட்டிப்போய்
சீட்டைக் கேட்டிருக்கிறது.
கையில் இல்லாமல் முழித்திருக்கிறேன்.
அதற்குத்தான் அந்த ஒரு கணக் கறுப்பு.

யார் மாற்றியது?

பதிவேட்டில் இருந்தது: இதே இரவு, 11.47.
அச்சுப்பொறி அடம்பிடித்த எரிச்சலில்
முழு அதிகாரத்தையும் வாங்கிக்கொண்டு
மேசைத்திரையையே ராஜாவாக எழுப்பிய ஒருவன்.
அந்த நேரத்தில் இந்த வீட்டில்
விழித்திருந்தவை இரண்டு.
ஒன்று மீன்தொட்டியின் பம்பு.

ஒரு வரி அடித்தேன்.
உரிமையாளர் மாறினார்.
முன்வாசலுக்குத் திரும்பி வந்து
கடவுச்சொல்லை மெதுவாக, ஒரு விரலால்.
கறுத்தது.
பிறகு பூலாவ் உபின்,
லோகா எடுத்த படம்,
என் சைக்கிளின் பின்சக்கரம் மட்டும்.

அச்சுப்பொறி இம்முறை எதிர்த்துப் பேசவில்லை.
சூடாக ஆறு தாள்.
மூன்றாம் கேள்வி:
'இது ________ வீடு. (நான்)
பொருத்தமான உருபைச் சேர்த்து எழுதுக.'

"இன்னும் தூங்கலையா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒரு கோப்பு
பேரு மாறிக் கிடந்துச்சு."

"யாரு மாத்துனா?"

கோடிட்ட இடத்தை அப்படியே விட்டு
விளக்கை அணைத்தேன்.